சந்து காலி

முதல் நாள் வேலைக்குப் போனபோது படகுத்துறையில் எனக்குக் கிடைத்த வரவேற்பு ஒரு மூட்டை ஈரத் துண்டுகள். "அக்கா, முதல்ல இதைப் பிழிஞ்சு காயப் போடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனான் நீர் விளையாட்டுப் பயிற்சியாளன். ஒல்லி உடம்பு, கூர் மூக்கு, எந்நேரமும் தலைகீழாகத் தண்ணீரில் பாய்கிற ஆள் என்பதால் அவனுக்கு மீன்கொத்தி என்று பெயர். அவனுடைய சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கே மறந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் அந்தப் படகில் மேல்தள வேலை பார்த்து வந்தார். கயிறு கட்டுவது, நங்கூரம் போடுவது, பயணிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான். பரிமாறும் பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "என் சம்சாரம் சும்மாதான் இருக்கா" என்று கேப்டனிடம் சொல்லி என்னைக் கூட்டி வந்திருந்தார். சும்மா இருந்தேனாம். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை நான் சும்மா இருந்த கதையை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டமரான் என்பது அந்தப் படகின் வகை. நம்முடைய கட்டுமரம்தான் ஊரெல்லாம் சுற்றி வெள்ளைக்காரன் வாயில் புகுந்து இப்படித் திரும்பி வந்ததாம். இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளை ஓடங்கள், அவற்றுக்கு மேலே பாலம் போட்டதுபோல ஒரே தளம். முன்னால் படுத்துக்கொள்ள வலை, பின்னால் தண்ணீரில் இறங்க ஏணி, மேலிருந்து கடலில் சறுக்கி விழ ஒரு சறுக்கு.

ஏறும் இடத்தில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கும். மது உண்டு, சத்தமான பாட்டு உண்டு, குழந்தைகள் கிடையாது. ஆனால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் நங்கூரம் போட்ட கொஞ்ச நேரத்தில் தாங்களே பிள்ளைகளாகிவிடுவார்கள். சறுக்கில் யார் முதலில் என்று சண்டை வரும். வேகப் படகு இழுத்துப் போகும் ரப்பர் வளையத்திலிருந்து விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, அழாத குறையாக வந்து நிற்பார்கள். ஒரு பெரிய அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு என்னிடம் ஐஸ்கிரீம் கேட்டார்.

வேலை அலுப்பான வேலை. வெயில் களிம்பு, டீசல், ஊறிப்போன ரப்பர் மூன்றும் கலந்த வாடை தலைமுடியிலேயே தங்கிவிடும். சாயங்காலம் திரும்பும்போது எல்லோரும் கடலுக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு இருப்பார்கள், நாங்கள் மட்டும் குவாரிக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு இருப்போம்.

அந்தச் சந்து பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இரண்டு ஓடங்களுக்கும் நடுவில், தளத்துக்கு அடியில், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை தண்ணீர் ஓடும் ஓர் இடுக்கு உண்டு. எங்கள் ஆட்கள் அதைச் சந்து என்பார்கள். உள்ளே வெயில் விழாது. பச்சையாக ஒரு மங்கல் வெளிச்சம், சுவரில் அலை மோதி 'களுக் களுக்' என்று ஓயாத சத்தம். நீந்திக் களைத்தவர்கள் நிழலுக்காக அதற்குள் போய்விடுவது வழக்கம் என்பதால், பிடித்துக்கொள்ள நீளவாக்கில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது இன்ஜினைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் படகின் பின்விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, சந்துக்குள் பார்ப்பார். பார்த்துவிட்டு "சந்து காலி!" என்று கத்துவார். அந்தக் குரல் வராமல் கேப்டன் சாவியைத் தொட மாட்டார். அப்படிப் பார்ப்பது என் வீட்டுக்காரரின் வேலை.

நான் வேலை செய்யும் இடம் இடது ஓடத்துக்குள், படி இறங்கிப் போனால் வரும் சின்னச் சமையல் அறை. ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, கால் நீட்ட முடியாத ஒரு பெஞ்சு. சந்து இருக்கும் பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தடித்த கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல். படகு கவிழ்ந்தால் தப்பிப்பதற்காக வைத்தது. அதன் வழியே நாள் முழுவதும் எனக்குத் தெரிந்தது பச்சைத் தண்ணீரும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கயிறும்தான்.

முதல் நாளே கவனித்தேன். எல்லோரும் ஏறியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பின்னால் படுத்துப் பார்க்கிறார். குரல் வரவில்லை. கேப்டன் மேலிருந்து ஒரு முறை மணியை அடித்தார். குரல் வரவில்லை. நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தண்ணீர், கயிறு, வேறு எதுவும் இல்லை.

பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "சந்து... காலி" என்றார்.

படகு கிளம்பிய பிறகு அவர் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து, "ஜன்னல்ல ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தண்ணிதான் தெரிஞ்சுது. வேற என்ன தெரியணும்?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அப்போது நாங்கள் ஒரு டயர் கடையின் மாடியில் குடியிருந்தோம். அன்று சாயங்காலம் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு நான் அப்படி உட்கார்ந்தால் தப்ப முடியாது என்று தெரியும்.

"சந்துல ஒருத்தர் இருக்கார்" என்றார்.

"யாரு?"

"தெரியல. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இருக்கார். மூஞ்சில நீச்சல் மாஸ்க் போட்டிருக்கார். கயித்தைப் பிடிச்சுட்டு இருக்கார்."

"எல்லாரும்தான் மேல ஏறிட்டாங்களே."

"அதான் சொல்றேன்."

கீழே கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் பொய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார், பிறகு இல்லாததெல்லாம் ஏன் தெரியாது?

"பயமுறுத்தறாரா?"

"இல்ல. அதான் கஷ்டம். பஸ்ஸுக்கு நின்னு நின்னு கால் கடுத்துப் போன ஆள் மாதிரி ஒரு மூஞ்சி. என்னையே பார்க்கறார். ஏதோ கேட்கற மாதிரி."

"நான் பார்த்தேங்க. யாருமே இல்ல."

"தெரியும்" என்றார். "அதுக்குத்தான் உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன். என் கண்ணை இனிமே நம்ப முடியாது. உன் கண்ணாவது வேணும்."

அவர் என்னை உதவிக்குக் கூப்பிட்டது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. என் கோபம் அங்கேயே செத்துப் போயிற்று.

கேப்டன் கெட்டவர் இல்லை. ஆரம்பத்தில் இவர் "ஆள் இருக்கு" என்று கத்தியபோதெல்லாம் பயணத்தை நிறுத்தியிருக்கிறார். மீன்கொத்தியை இறக்கித் தேடியிருக்கிறார். ஒரு நாள் தானே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீந்திக் காட்டியிருக்கிறார். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கடைசியில் இவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, உனக்குத் தெரியறது உன்னோட இருக்கட்டும். எல்லாரும் ஏறியாச்சுன்னா நீ அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிடு. எனக்கு அது போதும்" என்றாராம்.

மீன்கொத்தியிடம் நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவன் லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக்கொண்டே சொன்னான்.

"அண்ணனுக்கு முன்னாடி இருந்தவரும் இதே பாட்டுதான் அக்கா. சந்துல ஆளு, சந்துல ஆளுன்னு. தூக்கமே போச்சு அவருக்கு. அப்புறம் ஒருநாள் பட்டுனு நிறுத்திட்டார்."

"எப்படி?"

"என்னமோ. ஒருநாள் இறங்கிக் குளிச்சுட்டு வந்தார். அதுக்கப்புறம் ஆளே மாறிட்டார். நல்லாத் தூங்கி எழுந்த மூஞ்சி. சிரிப்பு என்ன, பேச்சு என்ன! கொஞ்ச நாள்ல வேற ஊருக்குப் போயிட்டார். அண்ணனுக்கும் சரியாயிடும், விடுங்க."

சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். என் வீட்டுக்காரர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். படுப்பார், பார்ப்பார், கத்துவார். குரல் தயங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து வரும்போது கொஞ்சம் வயதாகி வந்தார். இருப்பவனை இல்லை என்று சொல்வது சின்னப் பொய்தான். தினமும் அதையே சொல்லிப் பாருங்கள், உள்ளுக்குள் ஏதோ தேய்ந்துபோகும்.

"எனக்கு அந்த ஆளைப் பார்த்து இப்பப் பயமில்ல" என்றார் ஒரு நாள், துண்டு மடித்துக்கொண்டே. "என்னைப் பார்த்தாத்தான் பயம். நாளைக்கு நிஜமாவே ஒருத்தர் உள்ள இருந்தா? மாஸ்க் போட்டு, களைச்சுப் போய், கயித்தைப் பிடிச்சுட்டு? எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

"நான் இருக்கேன்ல ஜன்னல் பக்கத்துல" என்றேன்.

"நீ இருக்கே" என்றார். அதை ஒரு மருந்துபோல விழுங்கிக்கொண்டார்.

பிறகு அந்த மருத்துவமனைக் கூட்டம் வந்தது.

ஏதோ ஒரு வார்டில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து விடுமுறை கொண்டாட வந்திருந்தார்கள். பாதிப் பேர் இரவு வேலையை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே நீல நிறச் சட்டை. நான் பார்த்த கூட்டங்களிலேயே மிகவும் களைத்த கூட்டம் அதுதான். பாட்டு அலறுகிறது, வலையில் படுத்தவர்கள் அப்படியே தூங்குகிறார்கள். அவர்களில் ஒரு ஆண் நர்ஸ், பருத்த உடம்பு, சாதுவான முகம், என்னிடம் வந்து, "அக்கா, எங்கயாவது நிழலா ஒரு இடம் இருக்கா? கண்ணு எரியுது" என்று கேட்டார். முன்பக்க ஓரத்தில் கொஞ்சம் நிழல் இருப்பதைக் காட்டினேன்.

திரும்ப வேண்டிய நேரம் வந்தது. தலைகளை எண்ணுவது மீன்கொத்தியின் வேலை. எல்லாம் நீலச் சட்டை, ஒருவர் மேலே ஏறுகிறார், ஒருவர் கீழே இறங்குகிறார். யாரையோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறான். "எல்லாரும் ஏறியாச்சு!" என்றான்.

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே என் வீட்டுக்காரர் நடந்து போவதும், படுப்பதும் கேட்டது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்க் போட்ட ஒரு முகம். கண்கள் பாதி மூடியிருந்தன. ஒரு கை கயிற்றில்.

இதுவரை அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்த ஆள் இப்போது எனக்கும் தெரிந்துவிட்டான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

மேலே அவர் குரல் கேட்டது. தெளிவாக, தயங்காமல்.

"சந்து காலி!"

அந்த முகம் கண்ணாடியோடு வந்து ஒட்டியது. அதன் வாய் பட்ட இடத்தில் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது.

மூச்சு.

செத்தவனுக்கு ஏது மூச்சு?

படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. "நிறுத்துங்க! ஆள் இருக்கு! உசிரோட இருக்கு!" என்று நான் போட்ட கூச்சலில் வலையில் தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இன்ஜின் ஒரு முறை உறுமியது. கேப்டன் சட்டென்று சாவியைத் திருப்பி அதை அணைத்தார். படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வழக்கமான ஆள் என்று நினைத்துக் காலி என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நொடி உடுத்திய துணியோடு தண்ணீரில் குதித்துவிட்டார்.

அந்த ஆண் நர்ஸைச் சந்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஏணியில் ஏற்றிவிட்டார். மீன்கொத்தியும் நானும் மேலே இழுத்தோம். நிழல் தேடி நீந்திப் போன இடத்தில் காலில் தசை பிடித்துக்கொண்டதாம், அசைய முடியவில்லையாம். உடம்பெல்லாம் நடுங்கியது. துண்டைச் சுற்றி உட்கார வைத்தேன்.

"உள்ள இருந்த இன்னொருத்தர் வந்துட்டாரா?" என்று கேட்டார் அவர்.

மீன்கொத்தி என்னைப் பார்த்தான்.

"எந்த இன்னொருத்தர்?" என்றேன்.

"எனக்கு முன்னாடியே கயித்தைப் பிடிச்சுட்டு இருந்தாரே. ரொம்பக் களைச்சுப் போன மனுஷன். 'ரொம்ப நேரமா நான்தான் பிடிச்சுட்டு இருக்கேன், கொஞ்ச நேரம் மாத்தி விடறீங்களா'ன்னு கேட்டார். எங்க வார்டுல ஷிப்டு முடியற நேரத்துல கேட்போமே, அது மாதிரியே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யார் கேட்டாலும் நான் சரின்னுதான் சொல்வேன். இன்னிக்கு முடியல. எனக்கே தூக்கமில்ல, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன்." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பரவாயில்ல, மேல இருக்கறவர் எப்படியும் இறங்குவார்னு சொன்னார்."

ஏணியைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் ஏறியிருக்கவில்லை.

பின்விளிம்புக்கு ஓடினேன். "என்னங்க!" என்று கத்தினேன். களுக் களுக் என்ற சத்தம் மட்டும் வந்தது. சந்துக்குள் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல இருந்தது, அலையாகவும் இருக்கலாம். இன்னொரு முறை கூப்பிட்டேன். மீன்கொத்தி குதிக்கத் தயாராக நின்றான்.

அப்போது அவர் வெளியே வந்தார். நிதானமாக நீந்தி வந்து ஏணியைப் பிடித்தார். ஒவ்வொரு படியையும் கையால் தடவிப் பார்த்து ஏறினார். மேலே வந்ததும் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் கேப்டன்.

"யாரும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "சந்து காலி."

அன்று வீட்டுக்கு வந்து படுத்தவர் மறுநாள் நான் எழுப்பும்வரை தூங்கினார். இத்தனை மாதங்களில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுந்ததும் பசிக்கிறது என்றார். போட்டதையெல்லாம் சாப்பிட்டார். கண்ணுக்கு அடியில் இருந்த கருப்பு நாளுக்கு நாள் மறைந்தது. படகில் பயணிகளோடு சிரித்துப் பேசினார். பின்விளிம்பில் படுத்தால் ஒரே மூச்சில் குரல் வந்தது. "நான் சொல்லலையா அக்கா, சரியாயிடும்னு!" என்றான் மீன்கொத்தி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? எத்தனையோ காலம் கழித்து எனக்கும் தூக்கம் வந்தது. வேலை முடிந்து வந்தால் அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். என் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அதைச் செய்ததில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. அவர் நிற்பதே இல்லை. எங்கே போனாலும் முதலில் உட்கார ஓர் இடம் தேடுவார். நாற்காலி, படிக்கட்டு, டயர் அடுக்கு, எதுவானாலும் சரி. உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை நாள் உழைத்த அலுப்பு, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஜன்னலில் ஏதாவது தெரிந்ததா என்று அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நானும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நாள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு துண்டு கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம்.

மாஸ்க் இல்லை. ஒரு கை கயிற்றில். கடைவாயை இடது பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வலியைப் பொறுத்துக்கொள்ளும்போது அப்படித்தான் கடிப்பார். புருவத்தில், டயர் கடை ஷட்டர் விழுந்து கிழித்த தழும்பு. கூட வாழ்ந்தவளுக்கு அடையாளம் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அவர் என்னையே பார்த்தார். அந்தக் களைப்பை என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது.

மேலே, என் தலைக்கு நேர் மேலே, என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"சந்து காலி!"

நான் கத்தினேன். படகை நிறுத்தினார்கள். மீன்கொத்தி இறங்கித் தேடினான். கேப்டன் இறங்கித் தேடினார். என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உனக்குமா?" என்றார் கேப்டன், ஈரம் சொட்டச் சொட்ட. அவருக்கும் அலுத்துவிட்டது.

மறுநாளும் அந்த முகம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான் கத்தவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையை அதில் வைத்தேன். அவர் முகத்தை என் கைக்கு நேராகக் கொண்டுவந்தார். உதடுகள் அசைந்தன. அவ்வளவு பக்கத்தில் அந்த வாய் இருந்தும் கண்ணாடியில் ஆவி படியவே இல்லை.

சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் புரிந்தது.

மாத்தி விடறியா?

கொஞ்ச நேரம்.

நான் அழுதேன். முடியாது என்று தலையாட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஐஸ் கேட்டு மணி அடித்தார்கள். எழுந்து ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். துண்டுகளில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்குத் திரைபோலத் தொங்கவிட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஒரே ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. வழக்கம்போல அவர் உட்கார்ந்துகொண்டார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். கை கடுத்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையிலிருந்து திரும்புகிறவர்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். முகத்தில் அத்தனை கனிவு.

"ஜன்னல்ல துண்டு போட்டிருந்தியே" என்றார். "ஏதாவது தெரியுதா அங்க?"

தெரிகிறது என்று சொன்னால் நான் இறங்கியாக வேண்டும். தண்ணீரில் இறங்கி, சந்துக்குள் போய், அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டாக வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு என்று யார் சொல்வார்கள்? என் புருஷன் அங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்பில் ஒரு சொட்டுத் தெம்புகூட மிச்சமில்லை.

"இல்லீங்க" என்றேன். "வெயில் கண்ணுல அடிக்குதுன்னு போட்டேன். சந்து காலிதான்."

அவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கால்களை நீட்டினார். கண்களை மூடினார்.

"அப்பாடா" என்றார்.